பந்து குளத்தில் விழுந்ததா, காணாமல் போனதா? கோல்ப் பழகுபவர்களுக்கான வழிமுறை

கோலாலம்பூர், பினாங்கு திடல்களில் குளமும் கால்வாயும் புதரும் அடுத்தடுத்தே இருக்கும். பந்து இவற்றில் எதற்குள் போனது என்பதை வைத்துத்தான் விதி மாறும். அதனால் பக்கியில் (திடலில் ஓடும் சிறு வண்டியில்) ஏறுவதற்கு முன்பே, அடித்த இடத்தில் நின்றபடி யோசித்துவிடுங்கள்.

குளம், கால்வாய் போன்றவற்றைப் பழைய ஆட்டக்காரர்கள் இன்னமும் ‘வாட்டர் ஹசார்ட்’ என்பார்கள். 2019 முதல் விதிப்புத்தகத்தில் அதன் பெயர் ‘பெனால்டி ஏரியா’ (அபராதப் பகுதி). தண்ணீர் இல்லாத பள்ளத்தையும் புதர்க்காட்டையும்கூட திடல் நிர்வாகம் இப்படிக் குறிக்கலாம். மஞ்சள் அல்லது சிவப்புக் குச்சிகள் அல்லது கோடுகள்தான் அடையாளம்.

படி 1: நிச்சயமா, சந்தேகமா?

பந்து பெனால்டி ஏரியாவுக்குள்தான் இருக்கிறது என்பதில் ஏறக்குறைய 95 சதவீத நிச்சயம் வேண்டும். தண்ணீர் தெறித்ததைப் பார்த்தீர்களா? ஒட்ட வெட்டிய புல் சரிவு குளம்வரை இறங்கி, பந்து ஒளிய வேறு இடமே இல்லையா? அப்படியானால் நிச்சயம். குச்சிகளுக்கு வெளியே இடுப்பளவு லாலாங் புல் வளர்ந்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. தேடிக் கிடைக்காவிட்டால் அது ‘லாஸ்ட் பால்’, அதாவது காணாமல் போன பந்து.

படி 2: சந்தேகம் இருந்தால் ‘புரோவிஷனல்’

தேடப் போவதற்கு முன், அதே இடத்திலிருந்து தற்காலிகமாக இன்னொரு பந்தை அடித்து வைக்கலாம்; அதுதான் ‘புரோவிஷனல்’. வெள்ளைக் குச்சிகளைத் தாண்டி திடலுக்கு வெளியே போயிருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் இதுவே வழி. ஆனால் ‘புரோவிஷனல்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அல்லது அது தற்காலிகப் பந்துதான் என்பதை வேறு விதத்தில் தெளிவாக்க வேண்டும். “இன்னொன்னு அடிக்கிறேன்லா” என்றால் போதாது. அப்படி அடித்தால் இரண்டாவது பந்துதான் ஆட்டப் பந்து; முதல் பந்து பேர்வே (டீக்கும் குழிக்கும் இடையே புல் ஒட்ட வெட்டிய பாதை) நடுவில் கிடந்தாலும் செல்லாது.

பந்து குளத்தில்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் புரோவிஷனல் அடிக்க அனுமதி இல்லை. மீறி அடித்தால் அதுவே ஒரு அபராத அடியுடன் (ஸ்கோரில் கூடுதலாகச் சேரும் அடி) ஆட்டப் பந்தாகிவிடும்.

படி 3: மூன்று நிமிடம்

தேடுவதற்கு 3 நிமிடம்தான். முன்பு இருந்த 5 நிமிடம் 2019-இல் குறைந்தது. தேடத் தொடங்கிய கணத்திலிருந்து கணக்கு ஓடும், கைப்பேசியில் நேரம் வையுங்கள். பந்தில் மார்க்கரால் உங்கள் அடையாளம் போட்டிருப்பது அவசியம். அதே பிராண்டு, அதே எண் உள்ள பந்து பக்கத்திலேயே கிடக்கும். வேறொருவர் பந்தை அடித்தால் 2 அபராத அடிகள்.

முதல் பந்து திடலுக்குள் கிடைத்தால் அதைத்தான் ஆட வேண்டும், புரோவிஷனல் எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும் சரி. கிடைக்காவிட்டால் கணக்கு இப்படி: டீயிலிருந்து அடித்த முதல் அடி 1, அபராதம் 1, புரோவிஷனல் 3-வது அடி, அடுத்து அடிப்பது 4-வது.

புரோவிஷனல் அடிக்காதவர் அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். இதைத் தவிர்க்க ஒரு உள்ளூர் விதியைத் திடல்கள் வைத்துக்கொள்ளலாம்: 2 அபராத அடிகளுடன், பந்து போன இடத்துக்கு நேராக, பேர்வே ஓரத்தில் டிராப் (பந்தைக் கையால் கீழே விடுவது). ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் அந்தச் சலுகையும் இல்லை.

படி 4: பெனால்டி ஏரியாவிலிருந்து வெளியே

அடிக்கிற நிலையில் பந்து கிடந்தால் அபராதமின்றி அப்படியே அடிக்கலாம். கிளப் (அடிக்கும் மட்டை) தரையைத் தொடலாம், காய்ந்த இலைகளை எடுத்துப் போடலாம். இல்லையென்றால் 1 அபராத அடியுடன் வெளியே வர வேண்டும். மஞ்சள் என்றால் இரண்டு வழிகள்: முன்பு அடித்த இடத்திலிருந்தே மீண்டும் அடிப்பது, அல்லது குழியையும், பந்து எல்லையைக் கடந்த புள்ளியையும் இணைக்கும் கோட்டில், எல்லைக்குப் பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய் டிராப் செய்வது. சிவப்பு என்றால் மூன்றாவது வழியும் உண்டு: கடந்த புள்ளியிலிருந்து 2 கிளப் நீளத்துக்குள், குழிக்குப் பக்கமாகப் போகாமல் டிராப்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். பந்து மூழ்கிய இடத்துக்கு நேராகப் போய் நின்றுவிடுகிறார்கள். வலப்பக்கம் வளைந்த பந்து 100 மீட்டரில் எல்லையைக் கடந்து 160 மீட்டரில் விழுந்திருந்தால், கணக்கு அந்த 100 மீட்டர் புள்ளியிலிருந்துதான். தவறான இடத்திலிருந்து அடித்தால் மேலும் 2 அடிகள் ஏறும்.

கிளப் நீளத்தை அளக்க, பட்டரைத் (பந்தைக் குழிக்கு உருட்டும் கிளப்) தவிர உங்களிடம் உள்ள மிக நீளமான கிளப், பெரும்பாலும் டிரைவர். டிராப் முழங்கால் உயரத்திலிருந்து. இரண்டு முறையும் டிராப்புக்கு அனுமதித்த பகுதிக்கு வெளியே உருண்டால், இரண்டாவது முறை தரையைத் தொட்ட இடத்தில் கையால் வையுங்கள்.

மழையும் குரங்கும்

மாலை மழைக்குப் பின் பேர்வேயில் தேங்கும் தண்ணீர் பெனால்டி ஏரியா ஆகாது. அபராதமின்றி, தண்ணீர் படாத அருகிலுள்ள புள்ளியிலிருந்து 1 கிளப் நீளத்துக்குள், குழியை நெருங்காமல் டிராப் செய்யலாம். குளம் நிரம்பி எல்லைக்கு வெளியே வழிந்த தண்ணீருக்கும் இதே சலுகைதான்.

குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை யாராவது பார்த்திருந்தால் அபராதம் கிடையாது. பந்து முன்பு கிடந்த இடத்தைக் கணித்து அங்கே இன்னொன்றை வைத்து ஆடுங்கள். யாரும் பார்க்கவில்லை, வேறு தடயமும் இல்லை என்றால், அதுவும் லாஸ்ட் பால்தான்.