பழைய காரில் எதையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள்

சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. உடனே பாட்டரி போச்சு என்று புதுசு வாங்கி மாட்டுவார்கள். மறுநாளும் அதே ‘டக்’. கார்புரேட்டர் வைத்த மாருதி 800, அம்பாசடர் மாதிரி வண்டிகளில் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் செருக இடமே கிடையாது. டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஹைட்ரோமீட்டர் (பாட்டரி ஆசிடின் அடர்த்தியை அளப்பது), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளப்பது) இருந்தால் பெரும்பாலான கோளாறைப் பிடித்துவிடலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மல்டிமீட்டர்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பாட்டரியை அளங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 பாதி, 12க்குக் கீழே காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பாட்டரி தண்ணீர் கொதித்து வற்றும். வேலூர் வெயிலில் அது சும்மாவே வற்றும். அக்னி நட்சத்திரம் முடியும்வரை 15 நாளைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, பிளேட் மூழ்கியிருக்கிறதா பாருங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது. நல்ல சார்ஜ் ஏற்றிய பிறகும் ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைவாகக் காட்டினால் அந்தப் பாட்டரிக்கு ஆயுள் முடிந்தது.

பாட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுக்கவில்லையா? இங்கேதான் பலர் நல்ல செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காசைக் கரைக்கிறார்கள். வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய மின்வயரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் பிடிக்காது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் அல்ல. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இரும்பில் அழுத்துங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் (பாட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் இடையிலான இணைப்பு) சரி. 1 வோல்ட் காட்டினால் எர்த் வயரோ கிளாம்ப்போ உப்புப் பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினாலே போதும். அடுத்து பாட்டரி பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த வயர் போல்ட்டுக்கும் இடையே அதே சோதனை: 0.5க்குள் வரணும். இரண்டும் சரியாக இருந்து, சாவியைத் திருப்பும்போது பாட்டரியும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழவில்லை என்றால் மட்டும் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள்.

டெஸ்ட் லேம்ப் விளக்கு, ஹார்ன், ஃபியூஸ் வேலைக்கு. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் கம்ப்யூட்டர் வயர்களில் அதைக் குத்தாதீர்கள். இழுக்கும் கரண்ட் அதிகம்.

பிக்கப் செத்த, அதாவது இழுவை குறைந்த வண்டிக்குக் கம்ப்ரஷன் கேஜ். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, காயில் வயரையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் துளையிலும் கேஜை மாட்டி, ஐந்தாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். குறைந்த அளவு, அதிகமானதில் முக்கால் பங்குக்காவது வர வேண்டும். வராத சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள்: ஏறினால் ரிங் தேய்மானம், ஏறவில்லை என்றால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்தே குறைந்து, ஆயில் விட்டும் ஏறவில்லை, அதுவும் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் சூடேறி நின்ற வண்டி என்றால், ஹெட் கேஸ்கெட்டைத்தான் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு) முதலில் பாருங்கள்.