முகூர்த்தத்துக்குப் போகலாம், ரிசப்ஷனுக்கு வேண்டாம்

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்றிருந்தது, 2022 ஜனவரியில் 500 ரூபாய் ஆனது. அப்போது யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அரசாங்கம் சொன்னது, போட்டோம். 2023 மே 5 அன்று, கொரோனா இனி சர்வதேச அவசரநிலை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே வாரம் எங்கள் வீட்டுக்கு இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. இனி எங்கே போவது, எங்கே மாஸ்க் போடுவது என்பதையெல்லாம் நாங்களேதான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் வீடு கும்பகோணத்தில், திண்ணை வைத்த பழைய வீடு. அப்பாவுக்கு 2018-ல் சிறுநீரகம் மாற்றினோம். கொடுத்தது அம்மா. அன்றிலிருந்து டாக்ரோலிமஸ், மைகோபெனோலேட் மாத்திரைகளைத் தினமும் நேரம் தவறாமல் போடுகிறார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு வேற்றுப்பொருள் என்று தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இவை. அதனாலேயே தடுப்பூசி மற்றவர்களுக்குப் பிடிப்பது போல இவருக்கு முழுசாகப் பிடிக்காது. “ஊசிதான் போட்டாச்சே” என்று யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை. அவர்கள் வீட்டுக்கு அது சரியாகவே இருக்கலாம்.

எனவே முதல் வேலை, வெளியே கிளம்பும்போது இல்லை, சாவகாசமாக ஒரு நாள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவது. இந்த வீட்டில் யாருக்கு வந்தால் ஆபத்து? யார் எங்கிருந்து கொண்டுவர வாய்ப்பு அதிகம்? எங்கள் வீட்டில் இரண்டாவது கேள்விக்குப் பதில் நான்தான். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஏசி, மூடிய கதவு, ஆடி மாதத்தில் நிற்கக்கூட இடமிருக்காது. சாப்பாட்டு நேரம் தவிர அங்கே மாஸ்க்கைக் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். முதலாளி ஒரு வாரம் கிண்டல் செய்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

மாஸ்க் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். துணி மாஸ்க்கை விடுங்கள், என்95 வாங்குங்கள். நடுவில் வால்வு வைத்தது வேண்டாம், நீங்கள் விடும் மூச்சு அதன் வழியே அப்படியே வெளியே போகும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி, பலமாக மூச்சை விட்டுப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் போகும் பட்டை நன்றாகப் பிடிக்கும், பூ வைத்த தலைக்குக் கொஞ்சம் இம்சை. நான் மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுகிறேன், காகித உறையில் வைத்து ஆணியில் தொங்கவிடுகிறேன். பட்டை தொளதொளத்தாலோ ஈரமானாலோ குப்பைக்கு.

எதை விட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் சலித்துப்போய் முக்கியமானதையும் விட்டுவிடுவோம். 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், மனிதர்கள் மேல் மருந்து தெளித்தார்கள், நினைவிருக்கிறதா? நாங்களும் பால் பாக்கெட்டுக்கு சோப்புப் போட்டவர்கள்தான். அதையெல்லாம் நிறுத்தியாகிவிட்டது. இது பெரும்பாலும் காற்றில் வருகிற நோய். சோப்பு போட்டுக் கை கழுவுவது மட்டும் தொடர்கிறது, அது வயிற்றுப்போக்குக்கும் மஞ்சள்காமாலைக்கும் பயந்து. காய்கறி வாங்க, தெருவில் நடக்க, ஆட்டோவில் போக மாஸ்க் இல்லை. டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் இல்லை, நெரிசலில் நின்றால் உண்டு. ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர் காத்திருப்பு அறை என்றால் கேள்வியே இல்லை.

இப்போது கல்யாணம். இதில் நான் அடிபட்டவள்.

2022-ல் ஒரு ரிசப்ஷன். ஏசி ஹால், இரண்டு மணி நேரம் மாஸ்க்கோடு சமர்த்தாக இருந்தேன். மேடைக்குப் போக நீண்ட வரிசை. போட்டோகிராபர் “மேடம், மாஸ்க்” என்றார், கழற்றிப் பையில் போட்டேன். அதோடு பந்தியில் உட்கார்ந்துவிட்டேன், எதிர் வரிசையில் ஒருவர் இருமிக்கொண்டே ரசம் சாப்பிட்டார். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். அப்பாவுக்கு வரவில்லை. அது என் சாமர்த்தியம் என்று சொல்லமாட்டேன்.

அதிலிருந்து கற்றது இது. ரிசப்ஷனில் வரிசையும் ஏசியும் சாப்பாடும் சேர்ந்து வருகின்றன. காலை முகூர்த்தம் அப்படி இல்லை. பழைய மண்டபம் என்றால் கதவெல்லாம் திறந்திருக்கும், தாலி கட்டியதும் அட்சதை போட்டு, மொய் எழுதி, தாம்பூலப் பையோடு அரை மணியில் வெளியே வந்துவிடலாம். உறவுக்காரர்களுக்கும் முகூர்த்தத்துக்கு வந்தவர்கள்தான் வந்தவர்கள். சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் முதல் பந்தியில், ஜன்னலோர இலையில் உட்காருங்கள். “கை நனைக்காம போனா எப்படி?” என்று சித்தி பிடித்துக்கொண்டால் நான் சொல்வது: “அப்பாவுக்கும் சேர்த்துக் கட்டிக் குடுங்க சித்தி, அவரோட உட்கார்ந்து சாப்பிடறேன்.” இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ‘பயமாக இருக்கிறது’ என்று சொன்னால் அறிவுரை கிடைக்கும். ‘அப்பாவுக்காக’ என்றால் பார்சலே கிடைக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் விஷயத்தில் திண்ணைதான் காப்பாற்றுகிறது. இருமிக்கொண்டு வருகிற மாமாவை வராதீர்கள் என்று சொல்ல முடியுமா? “இங்கேயே உட்காருங்க மாமா, காத்து நல்லா வருது” என்று காபியை அங்கேயே கொண்டுவந்துவிடுவேன். திண்ணை இல்லாதவர்கள் ஓர் ஊதுபத்தியை ஏற்றி, வீட்டில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எங்கள் கூடத்தில் புகை முற்றத்துப் பக்கம் போகிறது. விருந்தாளி நாற்காலி முற்றத்தை ஒட்டி, அப்பாவின் ஈஸிசேர் வாசல் பக்கம். புகை போக வழி தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றினால், டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிடுங்கள்.

யாருக்காவது காய்ச்சல், தொண்டைவலி என்றால் வீட்டிலேயே கொரோனா பரிசோதனை செய்து பார்க்கும் கிட் ஒன்று அலமாரியில் இருக்கிறது. காலாவதித் தேதி பார்த்து வாங்க வேண்டும். முதல் நாள் ஒரு கோடு மட்டும் தெரிந்தால், அதாவது தொற்று இல்லை என்று காட்டினால், நிம்மதியடைய வேண்டாம், இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். 2022 ஜனவரியில் வீட்டுத் தனிமைக்கு மத்திய அரசு சொன்ன கணக்கு: பாசிட்டிவ் வந்து 7 நாள், அதில் கடைசி 3 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. நான் அப்பாவிடமிருந்து 10 நாள் தள்ளியிருப்பேன்.

அப்பாவுக்கே அறிகுறி வந்தால் வேறு கணக்கு. அன்றைக்கே சிறுநீரக டாக்டருக்குப் போன். கொரோனாவுக்கான சில மாத்திரைகள் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும், அதனால் மருந்துக்கடையில் கேட்டு எதையும் வாங்கக் கூடாது. அவர் மாத்திரைப் பட்டியலும் டாக்டர் நம்பரும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன. ஆக்ஸிமீட்டரில் ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் யோசிக்காமல் கிளம்ப வேண்டும்.

இவ்வளவும் நானும் அம்மாவும் போட்ட திட்டம். ஒன்றை மட்டும் கேட்க மறந்திருந்தோம். ஆனி மாதக் கல்யாணப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே அப்பா, “நானும் வரேன்” என்றார். அவருடைய தங்கை பேத்தி கல்யாணம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மா முறைத்தாள். மூன்று வருஷமாக அவருக்காக எல்லோரும் முடிவெடுத்தாகிவிட்டது.

மண்டபத்துக்கு முந்தின நாளே போய்ப் பார்த்தேன். வாசல் பந்தலில் நாதஸ்வரக்காரர்களுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கிருந்து மணவறை நேராகத் தெரியும். அங்கே நாற்காலி போட்டு மாஸ்க்கோடு உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்தார். கெட்டிமேளத்தில் காது அடைத்துப் போய்விட்டது என்று வீடு வரும்வரை புலம்பல். பொண்ணும் மாப்பிள்ளையும் அவரிடமே வந்து விழுந்து கும்பிட்டார்கள். போட்டோவுக்கு மாஸ்க்கைக் கழற்றினார். பந்தல்தானே, நான் ஒன்றும் சொல்லவில்லை.