டெக்சாஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: துப்பாக்கி விஷயத்தில் முதல் மாதமே தெரிந்திருக்க வேண்டியவை

நான் வந்த மூன்றாவது வாரம். பிளேனோவில் மளிகை வாங்கிக்கொண்டு இரவு எட்டரை மணிக்குத் திரும்பும்போது, பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. வண்டியை ஓரம் கட்டினேன். அதுவரை சரி. அப்புறம் சென்னையில் பத்து வருடம் பைக் ஓட்டிய பழக்கம் வேலையைக் காட்டிவிட்டது. போலீஸ்காரர் நிறுத்தினால் நாமே இறங்கிப் போய் "சார்" என்று ஆரம்பிப்பதுதானே நமக்குத் தெரிந்த மரியாதை? கதவைத் திறந்து இறங்கினேன். லைசென்ஸ் எடுக்கப் பின் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். அவர் கத்தியதில் பாதி புரியவில்லை. ஆனால் அவர் கை இடுப்புக்குப் போனது நன்றாகத் தெரிந்தது.

பின்விளக்கு ஒன்று எரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். எச்சரித்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் பக்கம் நின்று பார்த்தால் அவருடைய பயமும் புரியும். இந்த மாநிலத்தில் எந்தக் காரிலும் துப்பாக்கி இருக்கலாம், அதுவும் சட்டப்படியே. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். ஆகவே நிறுத்தினால் இறங்காதீர்கள். கண்ணாடியை இறக்குங்கள், இரவு என்றால் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வையுங்கள். லைசென்ஸும் இன்சூரன்ஸும் கேட்ட பிறகு, "டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு எடுங்கள். மனைவியோ அப்பாவோ பக்கத்து இருக்கையில் இருந்தால் அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஊரில் இருந்து வந்த என் மாமா ஒருமுறை, உதவி செய்வதாக நினைத்து, போலீஸ்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெட்டியைத் திறந்து குடைய ஆரம்பித்தார்.

விசாவில் இருக்கிறீர்களா? தொடவே தொடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். பதினைந்து வருடம் வரை சிறை, கூடவே நாடு கடத்தல். விதிவிலக்குகள் சில உண்டு. மாநில அரசு தரும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதில் ஒன்று. அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழிப்பது நல்லது.

"நான் ஏன் வாங்கப் போகிறேன்?" என்பீர்கள். யாரும் வாங்கி மாட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் டீமோடு சுடும் ரேஞ்சுக்குப் போவதில்தான் மாட்டுவார்கள். மேனேஜர் அன்போடு கூப்பிடுவார், கவுண்டரில் டிரைவிங் லைசென்ஸைக் காட்டினால் போதும் என்பார்கள், பத்து நிமிடத்தில் கையில் வாடகைத் துப்பாக்கி இருக்கும். அந்தப் பத்து நிமிடம் கையில் பிடிப்பதும் "வைத்திருப்பது"தான். ரேஞ்சில் அனுமதித்தார்கள் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. போதாக்குறைக்கு நம் ஆட்கள் ரைபிளோடு போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் வேறு போடுகிறார்கள். நமக்கு எதிரான சாட்சியை நாமே ஃபில்டர் போட்டுக் கொடுப்பது போல. கூப்பிட்டால், "என் விசாவில் அனுமதி இல்லை" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு கிரீன் கார்டு, மற்றவர் இன்னும் விசாவில் என்றால் கவனம். மற்றவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாலே அவரும் வைத்திருப்பதாக வழக்குப் போட முடியும்.

எதற்குப் பயப்பட வேண்டும்

2023 மே 6, சனிக்கிழமை. ஆலன் அவுட்லெட் மாலில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் ஐதராபாத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவரும் உண்டு. வேறொரு வேலையாக அங்கே வந்திருந்த காவலர் ஓடிப்போய் அவனைச் சுட்டு வீழ்த்தினார். ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னியில் இருக்கும் நம் குடும்பங்கள் ஊருக்குப் போகும் முன் சூட்கேஸ் நிறைய சட்டை வாங்கும் கடைத்தெரு அது. அன்று மாலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் வீட்டில்தானே?" என்று ஒரு கேள்வி வந்தது. இருநூறு பேரும் பதில் போட்டு முடிக்க இரவாகிவிட்டது.

அந்த பயம் நியாயம்தான். இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். 2023-இல் அமெரிக்கா முழுவதும் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அதில் 27,000-க்கும் மேல் தற்கொலைகள். டிவியில் நாள் முழுக்க ஓடும் மால், பள்ளிக்கூடச் சம்பவங்கள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. பொது இடத்தில் அப்படி ஏதாவது நடந்தால் இங்கே சொல்லிக்கொடுப்பது மூன்று சொல்: ஓடு, ஒளி, வேறு வழியில்லை என்றால் எதிர்த்து நில். ஹூஸ்டன் நகராட்சி 2012-இல் எடுத்த சின்ன வீடியோவில் இருந்து பரவியது இது. அலுவலகப் பயிற்சியில் அதைப் போடும்போது போனைப் பார்க்காமல் கவனியுங்கள். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் இரண்டாவது வாசல் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு போதும், மாலுக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. நம்மவர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே திருட வருகிறார்கள். அதனால் கிரீன் கார்டு வந்ததும் "பாதுகாப்புக்கு ஒன்று இருக்கட்டும்" என்று வாங்குபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நகை உள்ள வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் பெரும்பாலும் திருடன் வருகிறான். அலமாரியில் இருக்கும் துப்பாக்கி அவனுக்குக் கிடைக்கும் இன்னொரு பொருள். நகைக்குப் பேங்க் லாக்கர் போதும். இன்னொரு பக்கம், கலிஃபோர்னியாவில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-இல் ஒன்றைச் சொன்னார்கள்: கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறப்பது, வைத்திராத ஆண்களைவிட எட்டு மடங்கு. வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலையோ வேறு விசாவோ தேட வேண்டும் என்ற நிலையில் வாழும் கூட்டம் நம்முடையது. அந்த அறுபது நாளைத் தனியாகக் கழித்த நண்பர்களை எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் துப்பாக்கி இல்லை என்பதே பெரிய நிம்மதி. மனம் உடைந்த நேரத்தில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடலாம். அவசர உதவிக்கான 911 போலவே நாடு முழுக்க ஒரே எண்.

படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: பெட்ரோல் பங்க்கில் இரவு ஷிஃப்ட், கையில் ரொக்கம் என்று யாராவது கூப்பிடுவார்கள். வளாகத்துக்கு வெளியே அனுமதி இல்லாமல் வேலை செய்தால் விசாவும் போகும். அதையும் மீறி என்றாவது கல்லாவில் நிற்க நேர்ந்து, எவனாவது துப்பாக்கியைக் காட்டினால், பணத்தைக் கொடுத்துவிடுங்கள். முதலாளியின் பணம் அது.

வழி தவறினால் முன்பின் தெரியாத வீட்டு வாசலுக்குள் வண்டியைத் திருப்பாதீர்கள், கதவைத் தட்டி வழி கேட்காதீர்கள். 2023 ஏப்ரலில் மட்டும், மிசௌரியில் தவறான வீட்டு மணியை அடித்த 16 வயதுப் பையன் சுடப்பட்டுப் பிழைத்தான். நியூயார்க் மாநிலத்தில் தவறான வீட்டுப் பாதைக்குள் வந்துவிட்ட காரில் இருந்த 20 வயதுப் பெண் சுடப்பட்டு இறந்தாள்.

பிள்ளைகள்

இங்கே பள்ளிகளில் லாக்டவுன் ஒத்திகை உண்டு: யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் பயிற்சி. என் மகள் கிண்டர்கார்டனில் சேர்ந்த வருடம், ஒரு மாலை சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, "அம்மா, லாக்ஸ், லைட்ஸ், அவுட் ஆஃப் சைட்!" என்று என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். அவளுக்கு அது விளையாட்டு. குக்கர் மூன்று விசில் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பள்ளியில் இருந்து லாக்டவுன் என்று குறுஞ்செய்தி வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். உள்ளே விடமாட்டார்கள், போலீஸ் வண்டிகளுக்கு வழியை அடைப்பீர்கள். பிள்ளையின் போனுக்கும் அழைக்காதீர்கள், ஒளிந்திருக்கும் இடத்தில் மணி அடிக்கும்.

வீட்டில் நாம் ஒரு நாளைக்கு நாலு முறை "கொன்னுடுவேன்" என்கிறோம். அதில் பாசம்தான் இருக்கிறது. அதையே பிள்ளை பள்ளியில் ஆங்கிலத்தில் சொன்னால் முதல்வர் அறை, போலீஸ், இடைநீக்கம் என்று போய்விடும். தீபாவளிக்கு ஊரில் இருந்து தாத்தா அனுப்பும் கேப் துப்பாக்கியும் அப்படித்தான். இங்கே விற்கும் பொம்மைத் துப்பாக்கி போல அதன் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்காது, தூரத்தில் இருந்து பார்த்தால் நிஜம் போலவே இருக்கும். 2014-இல் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கியோடு பூங்காவில் இருந்த 12 வயதுச் சிறுவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

வாதம் செய்யப் போகும் முன்

மதிய உணவில் இந்தப் பேச்சு வரும். முதல் வருடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேசுவதென்றால் விவரத்தோடு பேசுங்கள். ஏஆர்-15 இல் வரும் ஏஆர், அதை முதலில் செய்த ஆர்மலைட் கம்பெனியின் பெயர். அது ஒரு அழுத்துக்கு ஒரு தோட்டா வரும் அரைத் தானியங்கி. "மெஷின் கன்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் அதோடு உங்களைக் கேட்பதை நிறுத்திவிடுவார். உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் பின்புலச் சோதனை கட்டாயம், 1993-இன் பிரேடி சட்டம் கொண்டுவந்தது. டெக்சாஸில் தனியாள் தனியாளுக்கு விற்றால் அது கட்டாயமில்லை. சண்டையின் பெரும்பகுதி இந்த ஓட்டையைப் பற்றித்தான். டெக்சாஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்த பிறகு 2022-இல் வந்த மத்தியச் சட்டம், 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வாங்கும்போது சோதனையைக் கடுமையாக்கியது. இந்த ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. என்னைக் கேட்டால் அடைத்திருக்க வேண்டும்.

ஒருமுறை என் டீமில் இருக்கும் ஒருவரிடம், ஊரில் தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அரசாங்கம் கேட்டதும் கொடுத்துவிடுவார்களா? அதுவும் தேர்தல் சமயத்தில்?" நமக்கு அது கலெக்டர் கொடுக்கும் சலுகை. அவருக்கு 1791-இல் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை, 2008-இல் உச்ச நீதிமன்றம் அது தனிமனிதனுக்கு உரியதுதான் என்று உறுதியும் செய்துவிட்டது. இது தெரியாமல் நான் இரண்டு வருடம் அவரிடம் வாதாடியிருக்கிறேன்.

கடைசியாக, மகளை முதல் முறை ஒரு வகுப்புத் தோழி வீட்டுக்கு விளையாட அனுப்பியபோது நடந்தது. வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள் என்று எங்கள் குழந்தை மருத்துவர் சொல்லியிருந்தார். எப்படிக் கேட்பது என்று கூச்சம். வேர்க்கடலை அலர்ஜியைப் பற்றிச் சொல்லும் குறுஞ்செய்தியிலேயே சேர்த்து எழுதி, அனுப்பாமல் இருபது நிமிடம் வைத்திருந்தேன். அனுப்பியதும் உடனே பதில் வந்தது: "மூன்று இருக்கிறது. எல்லாம் இரும்புப் பெட்டியில், சாவி என்னிடம். அடுத்த வாரம் எங்கள் பெண் உங்கள் வீட்டுக்கு வரும்போது, உங்கள் நீச்சல் குளத்துக் கதவு பூட்டியிருக்குமா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். திறந்துதான் கிடந்தது.