வடிகஞ்சியும் அயோடினும்: ஹாலஜன்களை வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி

பன்னிரண்டாம் வகுப்பில் ஹாலஜன் பாடம் வந்ததும் பிள்ளைகள் அட்டவணையை உருப்போட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஃபுளூரின் வெளிர்மஞ்சள் வாயு, குளோரின் பசுமஞ்சள் வாயு, புரோமின் செம்பழுப்புத் திரவம், அயோடின் கருஞ்சாம்பல் திண்மம். சரி, இந்த நாலும் எப்படி ஒரே குடும்பம் என்று கேட்டால் "பதினேழாம் தொகுதி" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பாளையங்கோட்டையில் எங்கள் அடுப்படியில், அண்ணன் மகளுக்காகச் செய்து பார்த்துச் சரிப்படுத்திய சோதனைகளை எழுதுகிறேன். ஒரு மாலைப்பொழுது போதும்.

முதலில் கொஞ்சம் பாடம். ஹாலஜன் அணு எதுவானாலும் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான். எட்டுக்கு ஒன்று குறைவு. அந்த ஒன்றை உலோகத்திடமிருந்து வாங்கினால் உப்பு. ஹைட்ரஜனோடு பங்கு வைத்தால், தண்ணீரில் கரைந்து அமிலமாகும் சேர்மம். தன் இனத்தோடேயே பங்கு வைத்தால் ஈரணு மூலக்கூறு. குடும்பக் குணம் முழுவதும் இதிலிருந்து வருகிறது. கீழே போகப்போக அணு பெரிதாவதால் எலக்ட்ரானைப் பறிக்கும் வலிமை குறைகிறது. கவர்திறன் எண்களைப் பாருங்கள்: ஃபுளூரின் 3.98, குளோரின் 3.16, புரோமின் 2.96, அயோடின் 2.66. இந்த வரிசையைக் கண்ணால் காண்பதுதான் நம் வேலை.

தேவையானவை: சோறு வடித்த கஞ்சி, பொவிடோன் அயோடின் மருந்து (பீட்டாடின் போன்றது), வைட்டமின் சி மாத்திரை, உப்பு, வெள்ளை வினிகர், குடிதண்ணீரில் போடும் குளோரின் மாத்திரை, பொட்டாசியம் அயோடைடு. கடைசிப் பொருளைப் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். சின்னப் புட்டி போதும்.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தெருவெல்லாம் தூவுகிறார்கள், சுலபமாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதில் இருக்கும் சுண்ணாம்பு கரைசலைக் காரமாக்கிவிடும். காரத்தில் அயோடின் நிலைக்காது. நீலம் வரவேண்டிய இடத்தில் வராமல் போகும். மாத்திரையில் அந்தத் தொல்லை இல்லை.

எச்சரிக்கை ஒன்று. குளோரின் மாத்திரை, பிளீச்சிங் பவுடர் இரண்டிலும் வினிகரோ எலுமிச்சைச் சாறோ கழிப்பறை ஆசிட்டோ படவே கூடாது. நச்சு வாயுவான குளோரின் வெளியேறும். அவை இரண்டையும் ஒன்றோடொன்று கலப்பதும் ஆபத்து. அதனால் குளோரின் சோதனைக்கு ஒரு கிண்ணம், வினிகர் சோதனைக்கு வேறு கிண்ணம். சன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

படி 1: கஞ்சி

ஒரு கரண்டி வடிகஞ்சியை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி நன்றாக ஆறவிடுங்கள். ஆறவிடாமல் தொடங்கினால் அயோடினை எவ்வளவு ஊற்றினாலும் நீலம் சரியாக ஏறாது. ஸ்டார்ச்சின் சுருளுக்குள் அயோடின் புகுந்து உட்கார்ந்தால்தான் அந்த நிறம்; சூட்டில் அது வெளியே வந்துவிடும். வந்த நீலத்தைச் சூடாக்கினாலும் மங்கும், ஆறினால் திரும்பும். அதையும் ஒருமுறை செய்து பார்க்கலாம், அழகாக இருக்கும்.

படி 2: அயோடின் எலக்ட்ரானை வாங்குகிறது

கால் தம்ளர் கஞ்சித் தண்ணீரில் இரண்டு சொட்டு பொவிடோன் அயோடின் விடுங்கள். கருநீலம். வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால் நீலம் போய்விடும். வைட்டமின் எலக்ட்ரானைக் கொடுத்தது, அயோடின் வாங்கி அயோடைடு ஆனது. ஹாலஜன்கள் ஆக்சிஜனேற்றிகள் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். குடும்பத்தில் வலிமை குறைந்த அயோடினுக்கே இது முடிகிறது.

படி 3: அயோடினால் முடியாதது

உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் மருந்து. பழுப்பு நிறம் அப்படியே நிற்கும். உப்பிலுள்ள குளோரைடிடம் இருக்கும் எலக்ட்ரானைப் பிடுங்க அயோடினுக்கு வலு இல்லை. இதைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்த படி புரிவதற்கு இது வேண்டும்.

படி 4: குளோரின் பிடுங்குகிறது

அரைத் தம்ளர் தண்ணீரில் பொட்டாசியம் அயோடைடு நாலைந்து துகள் மட்டும் போட்டு, ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீர் சேருங்கள். நிறம் எதுவும் இருக்காது. குளோரின் மாத்திரை ஒன்றை வேறொரு தம்ளர் தண்ணீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாக இதில் விடுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் நீலப் புகைபோல ஒரு சுழி கிளம்பும். மாத்திரை தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. அது அயோடைடிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துத் தான் குளோரைடாகி, அயோடினைத் தனியே விடுகிறது. படி 3-இல் நடக்காதது இங்கே எதிர்த்திசையில் நடந்துவிட்டது.

இனி முக்கியமான இடம். நீலம் வந்த மகிழ்ச்சியில் கரைசலை மேலும் மேலும் ஊற்றினால் நிறம் ஏறி, பிறகு மங்கி, முற்றிலும் தெளிந்துவிடும். "சித்தப்பா, நீலம் ஓடிப்போச்சு" என்று பிள்ளை கத்தியபோது, மருந்து கெட்டுவிட்டதோ என்று பலருக்கும் தோன்றும் சந்தேகம்தான் எங்களுக்கும் வந்தது. எதுவும் கெடவில்லை. மிஞ்சிய குளோரின் இப்போது அயோடினிடமிருந்தே எலக்ட்ரான்களை இழுக்கிறது. ஐந்து எலக்ட்ரானை இழந்த அயோடின் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறமற்ற அயோடேட் ஆகிவிடுகிறது. படி 2-இல் நீலம் போனது அயோடின் எலக்ட்ரானை வாங்கியதால். இங்கே போனது இழந்ததால். இரண்டு தம்ளரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நீலம் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் அயோடைடைக் கூடுதலாகப் போடுங்கள், சொட்டைக் குறையுங்கள்.

மேல்வரிசைத் தனிமத்திடம் எலக்ட்ரானை இழந்து, கீழ்வரிசைத் தனிமம் நேர் ஆக்சிஜனேற்ற எண்ணுக்குப் (எலக்ட்ரானை இழந்தால் +, வாங்கினால் - என்ற கணக்கு) போவது குளோரின், புரோமின், அயோடின் மூன்றுக்கும் பொது. ஃபுளூரினுக்கு மட்டும் அந்தப் பேச்சே இல்லை. சேர்மங்களில் எப்போதும் -1 தான். அதனிடமிருந்து பிடுங்க ஆள் கிடையாது. அதனால்தான் அதைத் தனியே பிரிக்க மின்சாரம் தேவைப்பட்டது. 1886-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மொய்சான் செய்தார், 1906-இல் நோபல் பரிசு பெற்றார். தேர்வுக்கு ஒன்று: எலக்ட்ரான் நாட்டத்தில், அதாவது தனி அணு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றலில், முதலிடம் ஃபுளூரினுக்கு (மோலுக்கு 328 கிலோஜூல்) அல்ல, குளோரினுக்கு (349). ஃபுளூரின் அணு மிகச் சிறியது, புதிதாக வரும் எலக்ட்ரானை இருக்கிற எலக்ட்ரான்கள் நெருக்கித் தள்ளுகின்றன.

படி 5: உப்புப் பொட்டலத்தில் அதே அயோடேட்

புதுக் கிண்ணம். இரண்டு கரண்டித் தண்ணீரில் ஒரு கரண்டி அயோடின் உப்பு, கொஞ்சம் கஞ்சித் தண்ணீர், ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடு, அப்புறம் ஒரு கரண்டி வினிகர். சற்று நேரத்தில் நீலம் பரவும். அமிலத்தில் அயோடேட்டும் அயோடைடும் சந்தித்தால் இரண்டும் அயோடினாகின்றன.

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அங்கே உப்பில் பெரும்பாலும் அயோடைடு சேர்க்கிறார்கள். நம் நாட்டில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட்; ஈரக்காற்றிலும் வெக்கையிலும் அதுதான் தாங்கும். வாங்குகிறவர் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் விதி. வினிகருக்குப் பதில் எலுமிச்சை வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் சி அயோடினை விழுங்கிவிடும், படி 2-இல் பார்த்தோமே.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் குளோரைடு சுமார் 19 கிராம், புரோமைடு சுமார் 65 மில்லிகிராம்தான். உப்பு படிந்து வெளியேறியபின் புரோமைடு அந்த நீரில் செறிந்து நிற்கும். 1826-இல் பலார் என்பவர் பிரான்சின் மோன்பெலியே உப்பளத்து மிச்ச நீரில் குளோரினைச் செலுத்திப் புரோமினைப் பிடித்தார். நம் படி 4 தான், அயோடைடுக்குப் பதில் புரோமைடு.

பின்சேர்க்கை: வள்ளியூரிலிருந்து ஒருவர் கல்லுப்பிலும் நீலம் வருவதாக எழுதியிருந்தார். இப்போது கடையில் சமையலுக்கு விற்கும் கல்லுப்புப் பொட்டலங்களும் அயோடின் சேர்த்தவையே. பொட்டலத்தின் மேல் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கருவாட்டுக்குப் போடும் உப்பு கிடைத்தால் நல்லது. இன்னொருவருக்கு உப்பே போடாமல் நீலம் வந்திருக்கிறது. பொட்டாசியம் அயோடைடு பழசாகி மஞ்சளித்திருந்தால் அப்படித்தான் ஆகும். முதலில் உப்பில்லாமல் அயோடைடு, வினிகர், கஞ்சி மூன்றையும் கலந்து ஐந்து நிமிடம் வையுங்கள். நிறம் வராவிட்டால்தான் அந்தப் புட்டியை நம்பலாம்.

புரோமைடையும் பார்க்க ஆசை இருந்தால் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் சில்வர் நைட்ரேட் கேளுங்கள். குளோரைடுக்கு வெள்ளை, புரோமைடுக்கு வெளிர்மஞ்சள், அயோடைடுக்கு நல்ல மஞ்சள் வீழ்படிவு (கரையாமல் அடியில் படிவது). வெள்ளை நீர்த்த அம்மோனியாவில் கரையும், அடுத்ததற்கு அடர் அம்மோனியா வேண்டும், கடைசியது கரையாது. சில்வர் ஃபுளூரைடு தண்ணீரிலேயே கரைவதால் வீழ்படிவே கிடையாது. வெயில் படாமல் செய்யுங்கள், வெளிச்சத்தில் வீழ்படிவு கறுத்துவிடும். கையில் பட்டால் கறை சில நாள் போகாது.