ஓசூரைத் தானாக வளர்ந்த ஊர் என்று எழுதாதீர்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பிள்ளைகள் ‘அரசு முதலீடும் நாட்டின் வளர்ச்சியும்’ என்று கட்டுரை எழுதி, திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவருவார்கள். பக்ரா நங்கல் வந்துவிடும், பிலாய் உருக்காலை வந்துவிடும். தினமும் பஸ்ஸில் கடந்து போகிற கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணை) மட்டும் வராது.

அதிகம் பார்க்கும் பிழை ஓசூரைப் பற்றியது. “பெங்களூருக்குப் பக்கம் என்பதால் தனியார் ஆலைகள் வந்தன” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெங்களூரு என்றைக்கும் 40 கிலோமீட்டரில்தானே இருந்தது? 1970களில் தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிலம் எடுத்து, மனை பிரித்து, சாலையும் தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவந்த பிறகுதான் ஆலைகள் வரிசை கட்டின. டைட்டன் கடிகார நிறுவனம் கூட டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கியதுதான். தொழில் தொடங்கியவர்களின் துணிச்சலைக் குறைத்து எழுத வேண்டாம். அவர்களுக்கு முன்னால் போட்ட பொதுப்பணத்தையும், நிலத்தை விட்டுக்கொடுத்த உழவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

ரோடு போட்டாலே ஊர் செழித்துவிடும் என்பதும் பிழைதான். ஓசூர் வழியாகப் போகும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் தருமபுரியையும் தொட்டுப் போகிறது. ஆனால் தருமபுரிக் கிராமங்களிலிருந்து கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போவது நிற்கவில்லை.

‘கடன்’ என்ற சொல்லைக் கண்டதும் ‘சுமை’ என்று எழுதிவிடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்தது, 2013இல் திறந்தார்கள். அதுவரை புளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பல் கறைபட்டு, எலும்பு வளைந்து போனவர்கள் இங்கே எத்தனையோ பேர். ஒரு பிள்ளையின் எலும்பு வளையாமல் இருப்பதை எந்த வரவுக் கணக்கில் எழுதுவீர்கள்?

கட்டியதைச் சொல்லிவிட்டு, பிறகு அதைப் பராமரித்தார்களா என்பதை விட்டுவிடுகிறார்கள். காமராசர் காலத்துக் கே.ஆர்.பி. அணையில் 2017 நவம்பரில் ஒரு மதகின் ஷட்டர் உடைந்து, தேக்கிய தண்ணீர் வீணாக ஓடியது. ரயில் கதை இன்னும் பழையது. பஞ்சத்தில் தானியம் வந்து சேர வேண்டும் என்று 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய அகல ரயில் பாதை போட்டு, பிறகு ஓசூர் வரை நீட்டினார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஒன்று ஓடியது. உலகப் போர்க் காலத்தில், 1941இல், மூடிவிட்டார்கள். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் இன்றைக்கும் ரயில் ஏற முடியாது.