கடலோர நினைவுச் சிற்பம்: அடும்புக் கொடியிலிருந்து கருங்கல் வரை

நாகப்பட்டினம் பக்கத்து மீனவ ஊர் ஒன்று, 2004 டிசம்பர் 26 சுனாமியில் இறந்தவர்களுக்கு நினைவுச் சிற்பம் வைக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வடிவமைப்பவரின் கை தானாக அலையைத்தான் வரையும். வேண்டாம். அந்த அலையை நேரில் பார்த்தவர்களுக்கு அதைக் கல்லில் வேறு காட்ட வேண்டுமா? அந்த மண்ணைப் பிடித்து நிற்பது எது என்று தேடுங்கள்.

படி 1: கரையில் நடங்கள்
தாழை, பனை, மணலில் படரும் அடும்புக் கொடி எல்லாம் கண்ணில் படும். நானாக இருந்தால் அடும்பை எடுப்பேன். பூவை விடுங்கள், கொடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர் இறக்கி மணலைக் கவ்வியிருக்கும். நமக்கு வேண்டியது அந்தக் கணுதான். சிற்பம் எங்கே அமைய வேண்டும் என்பதை ஊர்ப் பஞ்சாயத்தாரே சொல்லட்டும்.

படி 2: வரைந்து, குறையுங்கள்
முதலில் பார்த்தபடியே வரையுங்கள். அப்புறம் நரம்பு, பூ என்று ஒவ்வொன்றாக நீக்குங்கள். கடைசியில் தரையோடு ஓடும் தடித்த கொடியும், உட்காரும் உயரத்துக்கு எழும் கணுக்களும் மிஞ்சினால் போதும். ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த அந்த இலை அழகுதான், ஆனால் மெல்லிசாகச் செதுக்கினால் ஒடிந்துவிடும். பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள். ஏறுவதற்குத் தோதாகவே வடிவமையுங்கள்.

படி 3: களிமண் மாதிரி
பத்தில் ஒரு பங்கு அளவு போதும். 2 மீட்டர் நீளச் சிற்பத்துக்கு 20 செ.மீ. பக்கத்தில் 16 செ.மீ. அட்டை மனிதனை நிறுத்துங்கள். மாதிரி காய்வதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் குழியில் நாளை பாசி பிடிக்கும். அங்கே சரிவு கொடுங்கள்.

படி 4: கல்
உப்புக் காற்றில் சாதாரண இரும்பு துருப்பிடிக்கும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பழுப்புக் கறை படியும். கருங்கல்தான் சரி, மாமல்லபுரத்தில் செதுக்கித் தருவார்கள். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 டன் கனக்கும், அதனால் மணலில் அஸ்திவாரத்தைப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

படி 5: பெயர்கள்
அகர வரிசை வேண்டாம். ஒரே வீட்டார் சேர்ந்தே இருக்கட்டும். விரல் பதியும் ஆழத்தில், கை எட்டும் உயரத்தில் வெட்டுங்கள். உளி வைக்கும் முன் ஒவ்வொரு பெயரையும் அந்த வீட்டில் காட்டி எழுத்தைச் சரிபாருங்கள்.

படி 6: அனுமதி
கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை, கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. கல்லுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.