அத்தி வாசனை எண்ணெயைத் தோலில் சோதிச்சுப் பார்ப்பது எப்படி? (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

"அத்தின்னு போட்டிருந்துச்சு, வாங்கினேன். பழ வாசனையே வரலையே, ஏமாத்திட்டாங்களா?" வாசனை எண்ணெய் பத்தி எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இதுதான். பெரும்பாலும் யாரும் ஏமாத்தியிருக்க மாட்டாங்க. தொட்டு வெச்ச முதல் நிமிஷத்துலயே தீர்ப்பு சொல்லிடுறதுதான் பிரச்சினை. அத்தி எண்ணெய் தோலில் ஏறினதும் பச்சையா ஆரம்பிச்சு, பாலா மாறி, கடைசியில மரக்கட்டையில போய் நிக்கும். நடுவுல வர்ற அந்தப் பால் வாசனைதான் அதோட உயிர். அதைப் பிடிக்கத் தெரிஞ்சுட்டா, இது உங்களுக்கு ஒத்து வருமான்னு நீங்களே முடிவு பண்ணிடலாம்.

புதுச்சேரி, கடலூர் மாதிரி கடலோர ஊர்ல, வேர்வையோடயும் ஈரக்காத்தோடயும் வாழ்ற தோலை மனசுல வெச்சுத்தான் இதை எழுதுறேன். குளிர் நாட்டுக்காரங்க காணொளியில சொல்ற நேரக் கணக்கை இங்க அப்படியே எடுத்துக்காதீங்க.

எந்த அத்தி, எந்த வாசனை

அடிமரத்துலயே கொத்துக் கொத்தா காய்க்கிற நாட்டு அத்தி இல்ல இது. காய வெச்சு, கயித்துல மாலையா கோத்து விக்கிறாங்களே, அந்தச் சீமை அத்தி. அதோட பழத்துல வாசனை ரொம்பக் கம்மி. சரக்கெல்லாம் இலையிலதான். நர்சரியில தொட்டிச் செடி கண்ணுல பட்டா, ஒரு இலையோட நுனியை மட்டும் கிள்ளிக் கசக்கி மோந்து பாருங்க. முதல்ல பச்சைப் புல், கூடவே லேசான கசப்பு, அதுக்கு அடியில வழுக்கைத் தேங்காய் மாதிரி ஒரு குளிர்ந்த இனிப்பு. எண்ணெய்ல நீங்க தேட வேண்டியது இதைத்தான். உலர் அத்தியோட தேன் இனிப்பை இல்ல.

கிள்ளின கையைக் கண்டிப்பா கழுவிடுங்க. சீமை அத்தியோட பால்ல சோராலென், பெர்காப்டென்னு ரெண்டு பொருள் இருக்கு. அது தோலில் பட்டு, மேல வெயிலும் பட்டா, தீக்காயம் மாதிரி கொப்புளிச்சு, தழும்பு கறுத்துப் போகும். அத்தி இலையிலிருந்து எடுக்கிற அப்சல்யூட்டை (அடர்த்தியான வாசனைச் சாறு) வாசனைப் பொருள்ல சேர்க்கக் கூடாதுன்னு, சர்வதேச வாசனைப் பொருள் அமைப்பான இஃப்ரா தடையே போட்டிருக்கு. அதனால ஒழுங்கான அத்தி எண்ணெய் எதுவுமே இலையைப் பிழிஞ்சு எடுத்தது கிடையாது, வாசனைக் கலைஞர் ஒருத்தர் துண்டு துண்டா சேர்த்துக் கட்டின கலவை. "நூறு சதவீதம் சுத்தமான அத்தி எசென்ஷியல் ஆயில்"னு யாராவது வித்தா, நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

இந்தக் கலவைக்கு ஒரு வரலாறும் இருக்கு. ஒலிவியா ஜியாகொபெத்திங்கிற பிரெஞ்சு வாசனைக் கலைஞர், லார்டிசான் பர்ஃப்யூமர்ங்கிற வாசனை நிறுவனத்துக்காக 1994-ல பிரமியே ஃபிகியேன்னு ஒண்ணு செஞ்சாங்க. அத்தியை நடுவுல வெச்சு வந்த முதல் வாசனைன்னு பலரும் சொல்றது அதைத்தான். 1996-ல டிப்டீக்ங்கிற இன்னொரு நிறுவனத்துக்காக அவங்களே செஞ்ச ஃபிலோசிக்கோஸ் இன்னும் பிரபலம். இலை, பால், பட்டை எல்லாம் சேர்ந்து முழு மரத்தையே மோக்கிற மாதிரியான கட்டமைப்பு அங்கிருந்துதான் பரவுச்சு. இன்னைக்கு நீங்க வாங்குற சின்ன ரோல்-ஆன் வரைக்கும் அந்தச் சாயல் இருக்கும்.

படி 1: பாட்டிலைப் படிங்க

மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் ஊத்துற வாசனை எண்ணெய் வேற, தோலுக்குத் தயாரா கலக்கின எண்ணெய் வேற. நம்ம பக்கம் வீட்டுலயே சோப்பும் மெழுகுவத்தியும் செய்றவங்க நிறைய பேர் இருக்கிறதால ரெண்டுமே சுலபமா கைக்குக் கிடைக்குது. முதல் வகை அடர்த்தியானது, அதை நேரா தோலில் வைக்கக் கூடாது. விக்கிறவங்ககிட்ட இஃப்ரா சான்றிதழ் கேளுங்க. தோலில் தடவுற பொருளுக்கு எத்தனை சதவீதம் வரைக்கும் போடலாம்னு அதுல இருக்கும். தர மறுத்தா வாங்காதீங்க.

அப்புறம், அத்தி இலையா, அத்திப்பழமான்னு கேளுங்க. பழம்னு போட்டது பெரும்பாலும் ஜாம் வகை. பெர்ரி, வெனிலா எல்லாம் சேர்த்து இனிப்பு தூக்கலா இருக்கும். அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா இந்தப் பதிவுல சொல்ற மாற்றம் அதுல முழுசாத் தெரியாது.

படி 2: தோலைத் தயார் பண்ணுங்க (இதைத் தாண்டிப் போகாதீங்க)

நம்ம ஊர்ல அத்தி எண்ணெய் தோத்துப் போறது இந்த இடத்துலதான். காரணம், தேங்காய் எண்ணெய்.

அத்தியோட பால் வாசனையைக் கொடுக்கிறது லாக்டோன்னு ஒரு வேதிப்பொருள் குடும்பம். காமா-ஆக்டாலாக்டோன், காமா-நோனாலாக்டோன் இதெல்லாம் கலவையில போடுறாங்க. ரெண்டுலயும் தேங்காய் வாசனைதான் முன்னாடி நிக்கும். செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு அந்த மணத்தைக் கொடுக்கிறதும் லாக்டோன்தான், டெல்டா-ஆக்டாலாக்டோன், டெல்டா-டெகாலாக்டோன்னு அதே குடும்பத்துச் சொந்தம். அதனால குளிச்சுட்டுக் கைகால்ல தேங்காய் எண்ணெய் தடவுற பழக்கம் இருந்தா, அத்தியோட நடுப்பகுதி தனியாத் தெரியவே தெரியாது. இலை வாசனை வரும், போகும். அப்புறம் வர்ற தேங்காய் எண்ணெயோடதா அத்தியோடதான்னு மூக்குக்குப் பிரிக்கத் தெரியாது. "வெறும் தேங்காய் எண்ணெய் வாசனைதான் வருது"ன்னு சொல்றவங்க பாதிப் பேர் தங்களோட தோலைத்தான் மோந்திருப்பாங்க.

கையில தடவலைன்னாலும் தலைக்கு வெச்ச எண்ணெய் கைக்கு வந்துடும். சீவி முடிச்சு ஜடை பின்னின விரல், தலையணையில படிஞ்ச எண்ணெய், அதுல மடிச்சு வெச்சுத் தூங்கின கை, இப்படி எந்த வழியில வேணும்னாலும். அதனால எண்ணெயைத் தொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி வெறும் கையை மோந்து பாருங்க. எதுவுமே வரக் கூடாது.

முழங்கை உள்பக்க மடிப்பை வாசனை இல்லாத சோப்பால ரெண்டு தடவை கழுவுங்க. சந்தன சோப்பு, மஞ்சள் சோப்பு எல்லாம் அன்னைக்கு வேணாம். துடைச்சுட்டு அரை மணி நேரம் சும்மா விடுங்க. ரொம்ப வறண்ட தோலா இருந்தா, கடுகளவு பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசா தடவலாம். அதுக்கு வாசனை கிட்டத்தட்ட கிடையாது, எண்ணெயையும் பிடிச்சு வெச்சுக்கும்.

சந்தேகம் தீரணும்னா இதைச் செஞ்சு பாருங்க: ஒரு கையில தேங்காய் எண்ணெய் தடவிட்டு அத்தி, இன்னொரு கையில வெறும் தோலில் அத்தி. ஒரு மணி நேரம் கழிச்சு ரெண்டையும் மாத்தி மாத்தி மோந்து பாருங்க. வெறும் கையில பால் வாசனைக்குள்ள ஒரு பச்சை நரம்பு ஓடிட்டே இருக்கும். எண்ணெய்க் கையில அது முங்கிப் போயிருக்கும்.

நாளையும் பாத்துத் தேர்ந்தெடுங்க. வெள்ளிக்கிழமை வீட்டுல சாம்பிராணி போட்டிருப்பாங்க, தலையில மல்லிப்பூ இருக்கும். மல்லி இருக்கிற இடத்துல அத்தியோட குரல் எடுபடாது.

படி 3: தொட்டு வைக்கிறது

எனக்கு ரோல்-ஆன் பிடிக்காது. உருண்டை தோலில் உருள்றப்போ வேர்வையையும் தோலோட எண்ணெயையும் எடுத்து பாட்டிலுக்குள்ள கொண்டு போகுது. நாளாக நாளாக பாட்டிலோட வாசனையே மங்குது. கண்ணாடிக் குச்சி வெச்ச பழைய அத்தர் பாட்டில்தான் சரி. குச்சியை பாட்டில் வாயில வழிச்சுட்டு, நுனியில நிக்கிற ஒரே ஒரு பொட்டு போதும்.

மணிக்கட்டு வேணாம். கை கழுவுறோம், போன் உரசுது, வாட்ச் வார் வாசனை ஒட்டிக்குது. முழங்கை மடிப்புதான் நல்லது. வெச்சுட்டுத் தேய்க்காதீங்க. தேய்ச்சா சூடாகும், பரப்பளவும் கூடும், முதல்ல வர்ற பச்சை வாசனை சீக்கிரம் பறந்துடும். விரலால மெதுவா அழுத்தினா போதும்.

புது எண்ணெய்னா முதல் நாள் இந்தப் பொட்டோட நிறுத்திட்டு, அரிப்போ சிவப்போ வருதான்னு 24 மணி நேரம் பாருங்க. வெச்ச இடத்துல வெயில் படாம பாத்துக்குங்க. அத்திக் கலவையில பெர்கமாட்ங்கிற எலுமிச்சை வகைப் பழத்தோட எண்ணெயைச் சேர்க்கிறது சகஜம். சுத்திகரிக்காத பெர்கமாட் எண்ணெய்லயும் அதே பெர்காப்டென் இருக்கு.

படி 4: எப்போ, எதை மோக்கணும்

தொட்டு வெச்சதும்: ஸ்ப்ரே மாதிரி குப்புன்னு அடிக்காது. ஸ்ப்ரேயில ஆல்கஹால் ஆவியாகிறப்போ வாசனையையும் தூக்கிட்டுப் போகும். எண்ணெய்ல அந்தத் தூக்கல் இல்லாததால வாசனை தோலை ஒட்டியே நிக்கும். மூக்கை ஒரு விரக்கடை தூரம் வரைக்கும் கொண்டு போகணும். இப்போ வர்றது சிஸ்-3-ஹெக்செனால், அறுத்த புல்லோட வாசனை. ஃபேன் ஓடுற அறையில 10 நிமிஷம்கூடத் தாங்காது, அக்னி நட்சத்திரத்துல அதைவிடச் சீக்கிரம். இதை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

கால் மணி நேரத்துல இலை வரும். இதுல முக்கியமான ஆள் ஸ்டீமோன்ங்கிற செயற்கை வாசனைப் பொருள். தக்காளிச் செடியோட காம்பை ஒடிச்சா விரல்ல ஒட்டுமே, அந்தக் கசந்த பச்சை, கூட ஒரு துளி புதினாக் குளிர்ச்சி. பல பேருக்கு இது பிடிக்காம, கையைக் கழுவிடுறாங்க. தயவுசெஞ்சு பொறுங்க.

அரை மணியிலிருந்து ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள பால் இறங்கும். கசப்பு போகாது, ஆனா ஓரம் மழுங்கும். முதல்ல பச்சைத் தேங்காய், அப்புறம் கொஞ்சம் கொழுப்பேறின பால், சில கலவையில பீச் பழத் தோலோட மென்மை. தோலோட சூடு இதுக்கு உதவி பண்ணுது. கடையில மோந்து பார்க்கக் கொடுக்கிற காகிதத்துல இந்தக் கட்டம் வந்து சேர நேரம் ஆகும், வந்தாலும் தட்டையா இருக்கும். கடையில காகிதக் கீத்தை மட்டும் மோந்துட்டு வாங்காதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான். உங்க முடிவை இங்க எடுங்க. இலையும் பாலும் ஒண்ணா, ஒண்ணை ஒண்ணு அமுக்காம நிக்குதா? நல்ல எண்ணெய். பால் மட்டும் மிச்சமிருந்து பாயசம் மாதிரி திகட்டுதா? மலிவான கலவை, லாக்டோன் கூடிப்போச்சு.

மூணு மணி நேரத்துக்கு அப்புறம் தேவதாரு, சந்தனம், மஸ்க் (கஸ்தூரி வாசனை). உலர்ந்த மரப்பெட்டியைத் திறந்த மாதிரி, ரொம்ப அடங்கின வாசனை. அத்தி எண்ணெய்ல விலை வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுறது இந்தக் கட்டத்துல. நல்லதுல கடைசி வரைக்கும் ஒரு இலைச் சாயல் மிஞ்சும்.

வேர்வை கொட்டுற நாள்ல மேல சொன்ன எல்லாமே வேகமா ஓடும். மார்கழிக் காலையில ஒரு தடவையும், மே மாச மத்தியானத்துல ஒரு தடவையும் ஒரே எண்ணெயைச் சோதிச்சா ரெண்டு வெவ்வேறு எண்ணெயோன்னு தோணும். எனக்கு அத்தி மார்கழி, தை மாசத்துலதான் முழுசாப் பிடிக்குது.

படி 5: மூக்குக்கு ஓய்வு

தொடர்ந்து மோந்துக்கிட்டே இருந்தா சில நிமிஷத்துல மூக்கு பழகி, வாசனையே தெரியாமப் போகும். கடையில காபிக்கொட்டை நீட்டுவாங்க. வெறும் காத்தைவிட அது பெருசா எதுவும் செய்யலைன்னு ஆராய்ச்சியே வந்திருக்கு. வெளியே போய் நில்லுங்க, போதும். புதுச்சேரியில இருந்தா, சாயங்காலம் 6 மணிக்கு மேல கடற்கரைச் சாலையில வண்டி விட மாட்டாங்க, பெட்ரோல் வாசனை இல்லாம மூக்கு நல்லாத் தெளியும். ஆனா எண்ணெயை அங்க வெச்சுச் சோதிக்காதீங்க. தோலை ஒட்டி நிக்கிற வாசனையைக் கடல்காத்து கொண்டு போயிடும்.

பின்சேர்க்கை: நீங்க கேட்டதுக்குப் பதில்

கடலூர்லேருந்து ஒரு வாசகி: "ரெண்டு மணி நேரத்துல எனக்கு எதுவும் வரலை, ஆனா பக்கத்துல உக்காந்த அக்கா நல்லா இருக்குன்னு சொல்றாங்க." எண்ணெய் போகலைங்க, உங்க மூக்குதான் பழகிடுச்சு. கடைசியா நிக்கிற அடித்தளத்துல ஐசோ ஈ சூப்பர் மாதிரி செயற்கை மர வாசனைப் பொருள் இருந்தா இது இன்னும் அதிகம். வரும், மறையும், திரும்ப வரும். அப்படி இருக்கிறப்போ மேல மேலத் தடவாதீங்க, பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தலைவலி வந்துடும்.

பட்டுப்புடவை, வெள்ளை வேட்டியில தடவலாமான்னு சிலர் கேட்டிருந்தாங்க. வேணாம். எண்ணெய்க் கறை போகாது. தோலில் வெச்சு, உறிஞ்ச விட்டு, அப்புறம் உடுத்துங்க.

அடர் எண்ணெயை வாங்கி வீட்டுல தேங்காய் எண்ணெய்ல கலந்தப்போ பால் மாதிரி கலங்கி, ரெண்டு அடுக்காப் பிரிஞ்சுடுச்சுன்னு மூணு நாலு பேர் எழுதியிருக்கீங்க. நீங்க வாங்கினது டிபிஜி, அதாவது டைபுரொப்பிலீன் கிளைக்கால்ல கரைச்ச வாசனையா இருக்கும். அது எண்ணெயோட சேராது, எவ்வளவு குலுக்கினாலும் பிரியும். "எண்ணெய்ல கரையுமா?"ன்னு கேட்டு வாங்குங்க. கலக்குறதுக்கு ஜோஜோபா எண்ணெய், இல்லன்னா வாசனை நீக்கின, உறையாத ஃப்ராக்‌ஷனேட்டட் தேங்காய் எண்ணெய் எடுங்க. படி 2-ல சொன்ன அதே காரணத்தால செக்கு எண்ணெய் இதுக்கும் ஆகாது. கலந்ததைக் கறுப்புக் கண்ணாடிப் பாட்டில்ல ஊத்தி, குளியலறையில வைக்காம, அலமாரியில வைங்க. ஒரு வாரம் ஊறினதுக்கு அப்புறம் படி 2-லேருந்து சோதிச்சுப் பாருங்க.